சிரித்துக் கெடுத்த படம்

படம் பிடிக்கிற தொழிலில் முகம் வாடிக்கையாளருடையது, பழி மட்டும் நம்முடையது. கறுப்பாக விழுந்தால் நாம் கறுப்பாக்கிவிட்டோம், குண்டாக விழுந்தால் நாம் குண்டாக்கிவிட்டோம். கேமராவைக் கட்டிக்கொண்டு மாரடித்த சகோதரர்களே, உங்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மலாயாவில் வெள்ளைக்காரன் காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் மலாக்கா டவுனில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ இருந்தது. அடையாள கார்டு இல்லாமல் யாரும் வெளியே நடமாட முடியாது என்று சட்டம் வந்தது. கார்டுக்குப் படம் வேண்டும். டவுன், தோட்டம் என்று பாக்கியில்லாமல் எல்லாரும் என் கேமரா முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். பிழைப்பு ஜோராக நடந்தது. ஆனால் கிடைத்த பேர்? 'கார்டு படக்காரர்'! என் மாமனார்கூட நாலு பேரிடம் என்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தினார். கார்டுக்குப் பிடிப்பதெல்லாம் ஒரு படமா, சொல்லுங்கள். இரண்டு காது, ஒரு மூக்கு, ஒரு முறைப்பு. எனக்கும் கலை தெரியும் என்று ஊருக்குக் காட்ட ஒரே வழிதான் இருந்தது. எங்கள் படக்காரர் சங்கத்தின் போட்டியில் ஒரு தடவையாவது முதல் பரிசு வாங்கிவிட வேண்டும்.

டீ மேஜைக்கு மேலே

சங்கம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். டவுனில் கடை வைத்திருந்த சீனர்கள், தமிழர்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு முறை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை இரவல் வாங்கிக் கண்காட்சி வைப்போம். செயலாளர் லிம், பக்கத்துத் தெரு ஸ்டூடியோ முதலாளி. பரிசை வழக்கமாகத் தட்டிக்கொண்டு போகிறவர் காதர் நானா. மனுஷர் என் நண்பர்தான், அதனால் வயிற்றெரிச்சல் குறைந்துவிடுமா என்ன?

மலாக்கா கடலில் பொழுது சாய்வதை எடுக்காத ஆள் எங்கள் சங்கத்தில் கிடையாது. நானும் எடுத்தேன். படகு, அலை, கறுத்த தென்னை, எல்லாம் இருந்தது. கொண்டுபோய் ஒரு மூலையில் மாட்டினார்கள். மாலையில் பார்த்தால், அட, என் படத்துக்கு முன்னால் நல்ல கூட்டம்! மார்பை நிமிர்த்திக்கொண்டு காதர் நானாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் தோளில் கையைப் போட்டுச் சொன்னார்:

“உம்ம படத்துக்குக் கீழதானய்யா டீ ஊத்துறாங்க.”

வெள்ளைத் துணி

அடுத்த போட்டி வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நியாலாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் கார்டு படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். தோட்டத்துக் குமாஸ்தா கிராணி வீட்டு வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவரில் கட்டி, முன்னால் ஒரு முக்காலியைப் போட்டேன். கிராணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சட்டம் படித்தார். முக்காடு கூடாது, காது மறையக் கூடாது, முக்கியமாகச் சிரிக்கக் கூடாது.

எல்லாரும் ஒழுங்காக முறைத்துவிட்டுப் போனார்கள். ரப்பர் பால் மரம் வெட்டும் அஞ்சலை அக்கா வந்து உட்கார்ந்தார். நாற்பதைத் தாண்டிய அம்மாள், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். நான் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். குபுக்கென்று ஒரு சிரிப்பு. வெளியே வந்தேன், நிறுத்திவிட்டார். மறுபடி உள்ளே போனேன், மறுபடி சிரிப்பு. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கண்ணாடி பிளேட்டில் எடுத்தும் பார்த்தேன். அந்த நொடியிலும் சிரித்துத் தொலைத்தார். ஒரு கண்ணாடி பாழ்! கடைசியில் கிராணி போட்ட சத்தத்தில் கன்னத்தை உப்பி மூச்சை அடக்கி ஒருவழியாகக் கார்டுக்கு ஒரு முகம் கொடுத்தார்.

“என்னக்கா, என் பிழைப்பைக் கெடுக்கிறீங்களே” என்று எரிந்து விழுந்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“தலைய உள்ள மறைச்சுக்கிட்டுப் பின்பக்கத்த மட்டும் எங்களுக்குக் காட்டுறீங்களே தம்பி, சிரிக்காம எப்பிடி இருக்கறது?”

கம்பி வேலி வாசல்

அப்போது லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக் கூடாது என்று வாசலில் போகிறவர் வருகிறவர் எல்லாரையும் சோதனை போடுவார்கள். நான் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும்போது காவலுக்கு நின்றவர் மணியம், இளவட்டம். பிளேட் பெட்டியைத் தட்டிப் பார்த்து, “தொறங்கண்ணே” என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. பெட்டிக்குள் வெளிச்சம் பட்டால் அன்று எடுத்த அத்தனை முகமும் கரி. கெஞ்சினேன். “ரூல்ஸ் லா அண்ணே” என்று கொக்கியில் கையை வைத்துவிட்டார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் யூனிபார்மோடு தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டவர் இவரேதான்! “தம்பி, உங்க படமும் இதுக்குள்ளதான் இருக்கு” என்றேன். கை சுட்டதுபோல் கொக்கியை விட்டார்.

“ஐயையோ, தொறக்காதீங்கண்ணே, பொண்ணு வீட்டுக்கு அனுப்ப வேண்டிய மூஞ்சி லா அது!”

கழுவாத கண்ணாடி

கெட்டுப்போன பிளேட்டை நாம் வீசுவதில்லை. சுடுதண்ணீரில் ஊறப் போட்டுச் சுரண்டிவிட்டால் கண்ணாடி எதற்காவது உதவும். மற்றவற்றோடு மருந்தில் போட்டெடுத்த அஞ்சலை அக்காவின் பிளேட்டும் அன்றைக்குச் சுடுதண்ணீர்த் தொட்டிக்குப் போகவேண்டியதுதான். போடுவதற்கு முன்னால் சும்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.

கை அப்படியே நின்றுவிட்டது. வேலி, சோதனை, ஊரடங்கு, எதையும் அந்த முகம் சட்டை செய்யவில்லை. கண் இடுங்கி, வெற்றிலைப் பல் தெரிய, வயிறு குலுங்கிச் சிரிக்கிற சிரிப்பு. எத்தனை நாள் கடற்கரையில் தவம் கிடந்தேன்! என் படம் இங்கே கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. சந்தோஷத்தில் தனியாகச் சிரித்தேன்.

சின்னதாக ஒரு பிரதி போட்டு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய், இதைப் பெரிதாக்கி டவுனில் மாட்டலாமா என்று கேட்டேன். அஞ்சலை அக்காவுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் புருஷன், “வேணாம்” என்று எழுந்தே போய்விட்டார். தப்பு என் மேல்தான். லயத்து வீடுகளில் சுவரில் தொங்குகிற படம் ஒன்று சாமி, இல்லையென்றால் செத்துப்போனவர்கள். உயிரோடு இருக்கிற பெண்பிள்ளையைப் பெரிதாக மாட்டுவதா? அக்கா அந்தச் சின்னப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்லாத்தான் இருக்கேன், இல்லையா என்று பக்கத்து வீட்டு அம்மாளிடம் காட்டினார். பிறகு என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னார்:

“பொட்டு வைக்கக் கூடாது, மாலை போடக் கூடாது, நான் உசுரோட இருக்கேன்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும்.”

லிம் செய்த மரியாதை

முதல் பரிசு! காதர் நானாவே ஓடி வந்து கட்டிப்பிடித்துச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன்? அஞ்சலை அக்காவும் தோட்டத்து ஜனமும் லாரியில் வருகிறார்கள் என்று தெரிந்து வாசலுக்குப் போனேன். புதுச் சேலை, தலை நிறையப் பூ, புருஷன்கூட வேஷ்டி சட்டையில். ஊரடங்குக்கு முன்னால் திரும்பவேண்டும் என்று லாரி டிரைவர் அப்போதே ஹார்ன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். நான் ராஜநடை போட்டு அவர்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

நான் வாசலில் நின்ற நேரத்தில் நம் செயலாளர் லிம் ஒரு காரியம் செய்திருந்தார். தமிழர்கள் மரியாதை செய்யவேண்டுமென்றால் மாலை போடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கோயில் பக்கத்துப் பூக்கடைக்கு ஆள் அனுப்பி, இருப்பதிலேயே பெரிய மாலையாக வாங்கி, முதல் பரிசுப் படத்துக்குச் சட்டத்தோடு சேர்த்துப் போட்டுவிட்டார்! மல்லிகைக்கு நடுவில் அஞ்சலை அக்கா சிரிக்கிறார். அதற்கு முன்னால் சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்த ஒரு தமிழம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். எங்கள் காலடி கேட்டுத் திரும்பி, ஆள் தெரியாமல் அஞ்சலை அக்காவிடமே கேட்டார்: “எவ்வளவு சிரிச்ச முகம், பாருங்களேன். எப்ப தவறிட்டாங்க?”

சத்தியம் போச்சு. இனி எந்தத் தோட்டத்தில் எனக்கு ஒரு முக்காலி போடுவார்கள்? புருஷன் என் சட்டையைப் பிடிக்கக் கையைத் தூக்கிவிட்டார். லிம் வேறு பல்லெல்லாம் தெரிய வந்து, “உங்க ஆளுங்க மரியாதை, சரிதானே?” என்று மலாயில் கேட்கிறார். அஞ்சலை அக்கா படத்தைப் பார்த்தார், லிம்மைப் பார்த்தார், பேயறைந்ததுபோல் நிற்கும் என்னைப் பார்த்தார். நேராகப் போய் மாலையைக் கழற்றினார். வெளியே வீசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்! கல்யாணப் பெண் கணக்காகப் படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த அம்மாளுக்குப் பதில் சொன்னார்: “இன்னும் இல்லம்மா. லாரியப் புடிக்கவே நேரமில்ல, சாகறதுக்கு எங்க நேரம்?”

மண்டபம் அதிர்ந்தது. புருஷன் தூக்கிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விஷயம் புரிந்த லிம் தலையில் அடித்துக்கொண்டு கும்பிட்டார். சங்கக் கேமராவை ஓட்டமாக எடுத்து வந்து அதன் கால்களை ஊன்றி, துணிக்குள் தலையை விட்டேன். அந்தச் சிரிப்பு மறுபடி குபுக்கென்று கேட்டது.

“பாருங்க, பாருங்க, இதத்தான் சொன்னேன், நான் சிரிச்சது தப்பா?”

திங்கட்கிழமை

முதல் பரிசுப் படத்தைக் கடைக் கண்ணாடிக்குள் வைத்தேன், மாலை இல்லாமல். பக்கத்தில் மாலையோடு அஞ்சலை அக்கா நேரில் நின்ற படம். திங்கட்கிழமை காலையில் ஒரு தோட்டத்துக் குடும்பம் குழந்தை குட்டியோடு வாசலில் வந்து நின்றது. கார்டுக்குத்தானே என்று வழக்கம்போல் முக்காலியை இழுத்தேன். பெரியவர் கையில் ஒரு பொட்டலம், பிரித்தால் பூமாலை. அவர் தன் பெண்டாட்டியிடம் என்னைக் காட்டிச் சொன்னார்:

“அஞ்சலையச் சிரிக்க வெச்ச படக்காரரு இவருதான், நீ மூஞ்சிய உம்முனு வெக்காம உட்காரு.”

ஆக, கார்டு படக்காரன் என்ற பேர் எனக்கு ஒருவழியாகப் போய்விட்டது. அந்த முதல் பரிசு மட்டும் என் கேமராவுக்கா, துணிக்கு வெளியே நின்ற என் பின்பக்கத்துக்கா என்று சங்கத்தில் இன்றுவரை யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை.