உமரி வேருக்குள் குடியிருந்தவை

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். அதன்பின் எந்த ஊரிலும் ஒரு போகம் முழுக்க இருந்ததில்லை. வெள்ளாங்குளத்தில் அறுவடை வரை இருந்துவிட ஆசைப்பட்டது ஒரு கிருமியால்.

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் பெண்ணொருவர் கூலிக்கு ஆள் தேடினார். நான் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டேன். முதல் வேலை, தாழ்வுபாடு என்ற கரையோர ஊருக்குப் பக்கத்து உப்புத் தரையில் உமரி பிடுங்குவது. வேறெதுவும் முளைக்காத இடத்தில் அந்தச் செடி மட்டும் கொழுத்து நிற்கும். மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஆட்டுக்கோ?"

"ஓம் அக்கா, கம்பசில படிக்கிற ஆட்டுக்கு."

முதலில் சிரித்தது மிஸ்தான்.

வேர்களை ஸ்பிரிட்டில் தோய்த்து, பல தரம் கழுவினார். கடைசியாகக் கழுவிய தண்ணீரிலும் கொஞ்சம் எடுத்து வைத்தார். அதில் கிருமி எதுவும் வளராவிட்டால்தான், வேரிலிருந்து வளரும் கிருமி உள்ளே குடியிருந்தது என்று நம்பலாமாம்.

"கிருமி உள்ளுக்க இருந்தா செடிக்கு நோய் வருத்தம் வராதோ மிஸ்?"

"இது வருத்தம் குடுக்காது. உப்புப் பட்டா செடி பயந்து வளர்றத நிப்பாட்டிப் போடும். அந்தப் பயத்தை இது குறைக்கும். செடி அதுக்குச் சாப்பாடு குடுக்கும்."

வெள்ளாங்குளத்தில் ஒருவரின் வயல் மூலை உப்பேறிக் கிடந்தது. அங்கே இரண்டு பாத்தி போட்டோம். ஒன்றில் உமரி வேரிலிருந்து வளர்த்த கிருமி கலந்த தண்ணீரில் ஊறிய நெல், மற்றதில் வெறும் தண்ணீரில் ஊறியது. உவர்க்கிணற்றில் அள்ளி ஊற்றுவதும் மாடு விரட்டுவதும் என் வேலை. வித்தியாசம் நிலைத்தால் அறுவடை வரை என்னை வைத்திருப்பதாக மிஸ் சொன்னார். தங்கியிருந்த கொட்டிலில் சட்டை கொழுவ ஓர் ஆணி அடித்தேன். அதற்குமுன் எங்கும் அடித்ததில்லை.

வெறும் பாத்தியில் நுனிகள் கருகின. மற்றது பச்சையாக நின்றது. பின்னேரங்களில் கதைக்க ஆளில்லை. அந்தப் பச்சைப் பாத்திக்கருகில் போய்க் குந்தியிருப்பேன், ஆட்கள் இருக்கிற வீட்டுக்குப் போவதுபோல.

பிறகு மழை பிடித்தது. நாட்கணக்கில் விடவில்லை. உப்பெல்லாம் கரைந்து போயிற்று. கருகிய பாத்தியும் துளிர்த்து மற்றதை எட்டிப்பிடித்தது.

மிஸ் வரம்பில் நின்று இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இனி அளந்து பிரயோசனமில்லை."

"மழையைக் குறை சொல்லுற ஆக்களை இண்டைக்குத்தான் பாக்கிறன்!" வயல்காரர் வாயெல்லாம் சிரிப்பு. பிறகு என் பக்கம் திரும்பினார். "இனித் தண்ணி அள்ள ஆள் தேவையில்லைத் தம்பி. குறை நினையாதேங்கோ."

"அதுக்கென்ன ஐயா."

கோடையில் திரும்பச் செய்வதாகச் சொல்லி மிஸ் போய்விட்டார். என்னை வரச் சொன்னார், ஆனால் எங்கே தேடுவது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல எனக்கொரு விலாசம் இல்லை.

சட்டையை எடுத்தேன். ஆணி இறுகியிருந்தது, விட்டுவிட்டேன். போகிற வழியில் கிருமி இருந்த பாத்தி எதுவென்று பார்த்தேன். அடையாளத்துக்கு மிஸ் குச்சியில் கட்டிய சிவப்புத் துணி இல்லாவிட்டால் எனக்கே தெரிந்திராது.