முகப்பில் மாட்டிய பெயர்ப்பலகை

பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காமலே கிள்ளானில் மூன்று கடை போட்டவன் நான். அந்தப் பெருமையில் என் பழைய டீசல் பிக்கப்பின் முகப்பை மறைத்துப் பெரிய பெயர்ப்பலகை மாட்டினேன்.

அதை ஓட்டியவர் ஒல்லியான நரைமீசைக்காரர். ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் காலை டீ குடிக்க மாட்டார். ஆனாலும் நானும் ஏறி நெடுஞ்சாலையில் போனால் இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறும், டவுனுக்குள் வந்தால் இறங்கும். பக்கத்து ஊரான மேருவில் வண்டிப் பட்டறையில் எல்லார் முன்னாலும், "தண்ணி ஊத்தத் தெரியாதவனெல்லாம் டிரைவரா?" என்று கத்தினேன்.

மெக்கானிக் பலகையைத் தட்டினார். "இஞ்சின் ஓகே பாஸ். இதுதான் காத்து போகவிடாம அடைக்குது."

"உனக்குத் தெரியுமா?" என்றேன் டிரைவரிடம்.

"தனியா போனா கழட்டி வச்சிட்டுத்தான் ஓட்டுவேன் மொதலாளி. உங்க பேரு போட்டது, எப்படி வேணாம்னு சொல்றது?"

அவரே பலகையைக் கழற்றி, கீறல் விழாமல் துணியில் சுற்றினார். எல்லார் முன்னாலும் திட்டிய நான், தனியாகக்கூட மன்னிப்புக் கேட்கவில்லை.