புளியம்பலகைக்குள் ஓர் ஆணி

குற்றாலத்தில் ஒரு பழைய சத்திரத்தின் பின்கொட்டகையைப் பிரித்தபோது அந்தத் தச்சு மேசையை வாங்கினேன். மேற்பலகை புளியமரம். நீளம் ஆறடி இரண்டு அங்குலம், கனம் மூன்று அங்குலம். தென்காசிக்கு வண்டியில் கொண்டுவந்து, கால்களில் உளுத்த பகுதியை அறுத்து ஒட்டுப்போட்டேன். பலகையில் தெரிந்த ஆணிகளைப் பிடுங்கி, பத்தொன்பது என்று டைரியில் குறித்துக்கொண்டேன். மிச்சம் ஒரு முனையில் கால் அங்குல மேடு. அதை இழைத்துச் சமன் செய்யாவிட்டால் மேசை எதற்கும் உதவாது.

இழைப்புளி எதிர்வீட்டு ஆசாரியுடையது. அது உலகச் சண்டைக்காலம்; இழைப்புளிக்குப் போடும் சீமைத் தகடு எந்தக் கடையிலும் இல்லை. அவரிடம் இருந்ததே அந்த ஒன்றுதான். ஆணியில் பட்டு அதில் பல் விழுந்தால் மறுநாளிலிருந்து அவருக்கு வேலை கிடையாது. அதனால் இழைப்புளியோடு அவரும் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

நாலாவது இழைப்பில் சுருள் கருநீலமாக வந்தது. சட்டென்று நிறுத்தினேன். ஈரத்துணியால் துடைத்ததும் காலணா அளவில் ஒரு கறை தெரிந்தது. ஆணி இறங்கிய துவாரம் எதுவும் மேலே இல்லை.

"உள்ள இரும்பு கெடக்கு. குடைஞ்சு பிடுங்கிருதேன்," என்றேன்.

ஆசாரி இழைப்புளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அண்ணாச்சி, இது மரம் நிக்கும்போது அடிச்ச ஆணியாக்கும். பேயைப் பிடிச்சு அடிச்சிருக்கான். மேல மரம் வளந்து மூடிட்டு. அதைப் பிடுங்கினா நான் இங்கன நிக்க மாட்டேன்."

"உங்க தகடு போயிரக் கூடாதுன்னுதான் சொல்லுதேன்."

"என் தகட்டப் பத்தி எனக்குத் தெரியாதாக்கும்?"

உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்: "பத்தொம்பது பிடுங்குனது பத்தாதா? இதையும் பிடுங்கி டைரியில எழுதணுமோ?"

எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஆசாரி போய்விட்டால் மேசை அரைகுறையாக நின்றுவிடும். "அப்ப என்ன செய்ய?" என்றேன்.

"பிடுங்கத்தானே கூடாது? இன்னும் கொஞ்சம் உள்ள இறக்கலாம்லா?"

சின்ன உளியால் குடைந்து ஆணியின் தலையைக் கண்டுபிடித்தார். முனை மழுங்கிய கம்பியை அதன்மேல் வைத்தார். இரண்டு அங்குலம் தள்ளி ஒரு பழைய விரிசல் இருந்தது. அது முடியும் இடத்தில் நான் பென்சிலால் குறி போட்டேன். சுத்தியலால் மூன்று அடி விழுந்ததும் விரிசல் குறியைத் தாண்டி ஒரு பயறளவு ஓடியது.

"போதும்!"

"போதாது." இன்னோர் அடி. விரிசல் அங்கேயே நின்றது. ஆணித்தலையின் ஆழத்தை அளந்தேன். மேட்டை முழுதும் இழைத்தாலும் தகட்டுக்கும் ஆணிக்கும் நடுவே அரைக்கால் அங்குலம் மிஞ்சும். சொன்னேன்.

மேட்டை அவரே இழைத்தார். கறையின்மேல் போகும் ஒவ்வொரு தடவையும் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். சத்தம் மாறவில்லை. முடிந்ததும் தகட்டைக் கழற்றி, அதன் விளிம்பை நகத்தில் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக இழுத்துப் பார்த்தார். பிறகு எண்ணெய்த் துணியில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டார்.

"மிச்சப் பலகை?"

"அதை நீங்களே பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. உள்ள இன்னும் எவன் எவன் இருக்கானோ!"

மீதியைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டியே வழவழப்பாக்கினேன். பதினோரு நாள் ஆயிற்று. வேறு ஆணி ஒன்றும் இல்லை.