ஸ்லாவியர் தேவாலயத்தைக் கூட்டித் துடைத்த பதினொரு வருடம்

கூட்டித் துடைக்கிறவன் பக்கத்தில் நிற்கிறான் என்று ஒருவரும் குரலைத் தாழ்த்துவதில்லை. இந்தத் தொழிலில் முதுகு வளைந்த அண்ணைமார், அக்காமாருக்கு இது தெரியும். நான் வேலை செய்தது பிரெஞ்சு பேசுகிற இந்தக் குளிர் நகரத்தின் வில்லரேப் பகுதியில், ஓர் ஓர்த்தடொக்ஸ் தேவாலயத்தில். உக்ரைன், பெலருஸ் பக்கமிருந்து வந்து ரயில் பட்டறைகளில் உழைத்தவர்கள் தங்கள் கையாலேயே கட்டியது.

வரலாற்றுப் புத்தகம்

ஆண்டு விழாவுக்குக் கோயில் வரலாற்றைப் புத்தகமாகப் போட்டார்கள். எண்பது தாண்டிய ஓல்கா அம்மா மண்டபத்தில் இருந்து அதைப் புரட்டினார். கோயில் கட்டியவர்களில் அவருடைய தகப்பனும் ஒருவர். சிலுவையை ஏற்றும்போது கூரையிலிருந்து விழுந்து செத்தவர். புத்தகத்திலோ, ‘கடவுள் கிருபையால் ஒருவருக்கும் காயமின்றி வேலை நிறைவேறியது’ என்றிருந்தது. அந்த வரியில் விரலை வைத்தபடியே நிர்வாகசபைத் தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“விழாப் புத்தகத்திலை சாவை ஏன் போடுவான், ஓல்கா?”

கை தூக்கிய கூட்டம்

பழைய ஆட்களுக்குப் பூசை பழைய ஸ்லாவிய மொழியில்தான் வேண்டும். பிள்ளை குட்டியோடு வருகிறவர்கள் பிரெஞ்சில் கேட்டார்கள். வீட்டில் பிள்ளைகளுக்கு வேறொன்றும் விளங்காதாம். எங்கள் ஊர்ச்சங்கக் கூட்டம் போலவே கத்தல். கடைசியில் வாக்கெடுப்பு. ஒருவரை ஒருவர் நம்பாததால் கைகளை எண்ண என்னைக் கூப்பிட்டார்கள், துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு எண்ணினேன்.

பிரெஞ்சு இரண்டு கை வித்தியாசத்தில் தோற்றது. அடுத்த ஞாயிறு ஒரு பிள்ளையும் இல்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. முன்வரிசைக் கிழவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, திருப்தியாக என்னிடம் சொன்னார்:

“இப்பத்தான் கோயில் அமைதியாய் இருக்குது.”

கடைசிப் பூசை

போன மாரியில் கோயிலை விற்றுவிட்டார்கள். கடைசிப் பூசையன்று காலை ஓல்கா அம்மா எனக்கு டெலிபோன் எடுத்தார். நகருக்கு வெளியே கர்க்லாண்டில் மகனோடு இருக்கிறவர், மகனுக்கு நேரமில்லையாம். பனிக்குள் காரை ஓட்டிப் போய்க் கூட்டி வந்தேன்.

பூசை முடிந்திருந்தது. வாங்கியவரின் ஆட்கள் கட்டடத்தை அளக்க வருகிறார்கள் என்று ஒரு மணித்தியாலம் முந்தி வைத்துவிட்டார்கள். ஓல்கா அம்மாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. புனிதர் படங்கள் கழற்றிய சுவரைப் பார்த்துக்கொண்டு குளிர்க்கோட்டோடு நின்றார். ஒரு மெழுகுதிரி தேடிக் கொளுத்தி அவர் கையில் கொடுத்தேன். பிறகு எனக்குத்தான் தாங்கவில்லை. கோயில் கதவுகளின் திறப்புக் கோர்வையை வாங்க வந்த பாதிரியார் என் முகத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

“நீ ஏன் அழுகிறாய்? இது உன்ரை கோயில் இல்லையே?”

உண்மைதான், ஆனால் பதினொரு வருடமும் அந்தக் கோயிலுக்கு ஒரு கிழமை தவறாமல் வந்தவன் சைவசமயக்காரனாகிய நான் ஒருத்தன்தான்.