பொன்னுசாமி மாஸ்டர் வெட்டாத கிளை

செய்தி காலையில் வந்தது. “சார், நம்ம மாஸ்டர் போயிட்டாருங்க. பல்லு வெளக்கிக்கிட்டு இருந்தவரு அப்படியே உக்காந்துட்டாருங்க” என்று அவருடைய பக்கத்து வீட்டு செல்வராசு போனில் சொன்னார். அம்மாபேட்டையிலிருந்து கிளம்பி ராசிபுரம் பஸ் பிடித்தேன். ஏறியவுடன் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதற்குக்கூட அன்று எரிச்சலாக இருந்தது.

நானும் மாஸ்டரும் ஒரே பள்ளியில் பல வருடம் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் ஓவியம். அவரிடம் படித்தவர்களுக்கு அவர் கோபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மரம் வரையச் சொன்னால் எல்லோரும் ஒரு கம்பை வரைந்து அதன்மேல் ஒரு பந்தை வைப்பார்கள். “இது பஞ்சுமுட்டாயிடா, மரமில்ல. வெளிய போய்ப் பாத்துட்டு வா” என்று துரத்துவார். அப்படித் துரத்தப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த இடத்திலேயே சிரித்துக்கொள்ளுங்கள். இனிமேல் சிரிக்க ஒன்றுமில்லை.

அவர் மனைவி பழனியம்மாள் அக்கா முதுகில் அடிபட்டுப் படுத்த படுக்கையானவர். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. கட்டில் கொள்ளும் இடம் என்று அந்த வீட்டில் இருந்தது முன்பக்கத்து அறை ஒன்றுதான். மேற்குப் பார்த்த அறை, மேலே சிமெண்ட் ஷீட். சித்திரை வெயிலில் அந்த ஷீட் அடுப்பாகிவிடாமல் காத்தது வாசலில் நின்ற மாமரம். அக்காவுக்கு நிழலும் அதுதான், ஜன்னல் வழியாகப் பார்க்கக் கிடைத்த உலகமும் அதுதான்.

லாரி வைத்திருக்கும் செல்வராசு மாடி எடுத்தபோது தகராறு வந்தது. அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி முழுக்க மாவிலை, சுவரெல்லாம் எறும்பு. “அடியோட எடுத்துருங்க மாஸ்டர்” என்றார். “எறக்கித் தாரேன். எடுக்க மாட்டேன்” என்றார் மாஸ்டர். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் காய்ப்பு முடிந்ததும் மரத்தின் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார். நீண்ட கிளையை நடுவில் துண்டிக்க மாட்டார். பக்கக் கிளை ஒன்று பிரியும் இடம்வரை வந்து அங்கேதான் வெட்டுவார். பட்டை கிழியக்கூடாது என்று முதலில் அடியிலிருந்து ஒரு வெட்டு, பிறகு மேலிருந்து. முடித்த பிறகு பார்த்தால் கை வைத்த மாதிரியே தெரியாது. ஆனால் செல்வராசு மாடியில் வானம் தெரியும்.

வெட்டுவதற்கு முன்னால் அவர் செய்யும் வேலைதான் வேடிக்கை. மத்தியானத்தில் அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்துவிடுவார். இருவரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருமுறை நானும் இருந்தேன்.

“அந்தக் கோணக் கெளையை எடுத்தரட்டுமா?”

“அது போனா சாயங்கால வெய்யிலு நேரா ஷீட்டுல எறங்குமுங்க. அதை உடுங்க. அதுக்கு மேல நிக்கறதை எடுங்க.”

“உத்தரவு மேடம்” என்று எழுந்துபோய், வெட்ட வேண்டிய கிளையில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு வந்து மறுபடியும் படுத்துக்கொள்வார். இப்படியே ஒரு வாரம் ஓடும்.

ஏன் இத்தனை இழுத்தடிப்பு என்று கேட்டேன். “மொட்டையடிக்க ஒரு மணி நேரம் போதுமுங்க சார். இது வேப்பமரமா, உடனே தழைக்கறதுக்கு? வயசான மாமரம். வெய்யிலு பட்டா பட்டையே வெந்துரும். அப்பறம் அவ எங்க போவா?” என்றார்.

செய்தி வந்த அன்று தெருமுனையில் திரும்பியபோதே வானம் அதிகமாகத் தெரிந்தது. செல்வராசு எல்லாவற்றையும் முன்னால் நின்று செய்திருந்தார். சாமியானா, நாற்காலி, ஃப்ரீசர் பெட்டி, ஒன்றிலும் குறை வைக்கவில்லை. சாமியானாவின் இரும்புக் கம்பிக்கும் சவ வண்டி வாசல்வரை வருவதற்கும் இடம் வேண்டுமென்று, மிஷின் ரம்பம் கொண்டுவரச் சொல்லி மரத்தைக் கிளை பிரியும் கவட்டையோடு எடுத்துவிட்டார்கள். கோணக் கிளையும் போய்விட்டது. வந்தவர்களுக்கு நிழல் வேண்டுமென்று, இருந்த நிழலை வெட்டிப் போட்டுவிட்டுத் துணி கட்டியிருந்தார்கள். இதைவிடப் பெரிய மடத்தனத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் யாரைத் திட்டுவது? செல்வராசுக்கு அழுது அழுது கண் வீங்கியிருந்தது. “மாஸ்டரை நல்லபடியா அனுப்பி வெக்கோணுமுல்லங்க சார்” என்றார். நான் தலையை ஆட்டினேன்.

கருமாதி முடிந்து சில நாள் கழித்துப் போனேன். மரத்தின் பட்டை மேற்குப் பக்கம் வெடித்துக் கிடந்தது. ஒரு துளிர் இல்லை. வடக்கே போர்வெல் வண்டியில் வேலை பார்க்கும் மகன் வந்திருந்தான். பாவம், அவனும் என்ன செய்வான்? வெயில் தாங்காமல் ஜன்னலை அட்டை வைத்து அடைத்து, ஒரு ஃபேன் வாங்கி வைத்திருந்தான். அது ஷீட்டின் அனலைச் சுற்றிச் சுற்றி அக்கா மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது.

“நீங்களாவது தடுத்திருக்கக்கூடாதா அக்கா?” என்று என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

“மிசின் சத்தம் கேட்டதும் வேண்டாம் வேண்டாம்னு கத்துனனுங்க தம்பி. எளவூட்டுல கத்துனா ஆருக்குத் தெரியும்? பொம்பளைக நாலு பேரு ஓடியாந்து என்னையக் கட்டிப்புடிச்சு அழுதாங்க. அழுவாத அக்கா, போனவரு திரும்பி வருவாரான்னாங்க. அவரு கெடக்கறப்ப நான் மரத்துக்குக் கத்தறேன்னு எப்படீங்க சொல்றது?”

மாஸ்டரை நினைக்கும்போதெல்லாம் இனி எனக்குக் கேட்கப்போவது அக்காவின் அந்த ‘வேண்டாம்’தான். அவர் நினைவாக நான் வைத்திருப்பதும் அதுதான். அக்கா சொன்னதைக் கேட்டு வெட்டிய மனிதரே போன பிறகு, அதை இனி யாரிடம் கொண்டுபோய்ச் சொல்வது?