மேதாவிகள் சங்கத்துக்கு ஷரஃபுதீன் சாஹிப் ஆள் சேர்த்த வரலாறு

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் வசித்த ஷரஃபுதீன் சாஹிபின் வாழ்க்கை வரலாற்றை எழுதப் புகுவோருக்கு ஆரம்பத்திலேயே ஒரு சங்கடம் உண்டு. வரலாறு என்றால் அதில் ஏதாவது நடந்திருக்க வேண்டும். சாஹிபுக்கு நாற்பத்தைந்து வயது வரைக்கும் ஒன்றுமே நடக்கவில்லை. காலை ஒன்பதரைக்குக் குடையோடு ஹைஸ்கூலுக்குப் போவார். சாயங்காலம் நாலரைக்கு அதே குடையோடு திரும்புவார். நடுவில் அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் நடக்கும். ஆனால் அவை பையன்களுக்கு நடந்தவை, அவருக்கு அல்ல.

இருந்தாலும் அவருக்கு ஒரு கீர்த்தி இருந்தது. பி.ஏ. கணிதத்தில் முதல் வகுப்பு, அதுவும் முதல் தடவையிலேயே! மாட வீதிகளிலிருந்து லஸ் முனை வரை இது தெரியாதவர் கிடையாது. தெரியாதவராக ஒருவரைச் சொல்லவேண்டுமானால் சாஹிபைத்தான் சொல்லவேண்டும். ஏனென்றால் அவர் தேறியது மூன்றாம் வகுப்பில், அதுவும் மூன்றாவது தடவையில்.

அவர் பொய் சொன்னதே இல்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்வது நியாயம். பள்ளியில் சேர்ந்த 1912-ஆம் வருஷம், ஆண்டு விழா மேடையில், அப்போதைய ஹெட்மாஸ்டர் வேறு யாருடைய விண்ணப்பத்தையோ மனத்தில் வைத்துக்கொண்டு, "இவர் முதல் வகுப்பில் தேறியவர்" என்று அறிமுகம் செய்துவிட்டார். சாஹிப் மறுப்பதற்காக வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து 'காட் சேவ் தி கிங்' ஆரம்பித்துவிட்டது. சக்கரவர்த்தியின் கீதம் ஒலிக்கும்போது சொந்த விவகாரம் பேசுவது ராஜத்துரோகம் இல்லையா? விறைப்பாக நின்றார். கீதம் முடிந்தபோது எல்லோரும் காப்பிக்குப் போய்விட்டார்கள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தார். அந்த நாளை இருபத்திரண்டு வருஷமாக வந்துகொண்டே இருந்தது.

பி.ஏ. ஃபெயில் என்று வாசலில் பலகை மாட்டிக்கொண்டவர்களுக்கே சம்பந்தம் பேச ஆள் வந்த காலம் அது. மூன்றாம் வகுப்பு ஒன்றும் கௌரவக் குறைவு அல்ல. ஆனால் முதல் வகுப்பு என்று ஊர் நம்பிய பிறகு மூன்றாம் வகுப்பாக இறங்குவது, ஏறிய ஆளைப் பாதி வழியில் டிராமிலிருந்து இறக்கிவிடுவது போல. டிக்கெட் இல்லாமல் ஏறியவர் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள்.

இப்படியே பென்ஷன் வரைக்கும் போயிருக்கும். 1934-ல் ஹெட்மாஸ்டர் ராஜகோபாலனின் தாயாதி மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு பத்திரிகையை அனுப்பாமல் இருந்திருந்தால்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளை ஒரு சங்கமாகச் சேர்த்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பிரமாணம் வாங்கிக்கொள்கிறார்களாம். ராஜகோபாலனுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் 'மேதாவிகள் சங்கம்' பிறந்தது. நூற்றுக்கு அறுபதுக்குக் குறையாமல் வாங்கியவர்கள் மட்டும் அங்கத்தினர்கள்.

விளக்கு விஷயத்தில் ஆசிரியர்கள் கூடி மூன்று மணி நேரம் விவாதித்தார்கள். மெழுகுவர்த்தி ஏற்றினால் சாந்தோம் மாதாகோயில் ஞாபகம் வருகிறது என்றார் ஒருவர். குத்துவிளக்கு ஏற்றினால் கபாலீசுவரர் சன்னிதி ஞாபகம் வருகிறது என்றார் இன்னொருவர். எந்த மதத்துக்கும் சொந்தமில்லாத வெளிச்சம் எது என்று ஆராய்ந்து, கடைசியில் பெட்ரோமாக்ஸ் என்று ஏகமனதாக முடிவாயிற்று. பையன்கள் விளக்கின்மேல் கை வைத்துப் பிரமாணம் எடுக்கவேண்டும் என்ற விதி, டிரில் மாஸ்டர் தம் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு வந்து காட்டியபின், விளக்கை நோக்கிக் கை நீட்டினால் போதும் என்று திருத்தப்பட்டது.

இதெல்லாம் சாஹிபைப் பாதிக்கவில்லை. பாதித்தது ஏழாம் விதி. பிள்ளைகளைச் சங்கத்தில் சேர்த்துவைப்பவர் தாமே முதல் வகுப்பில், முதல் தடவையில் தேறியவராக இருக்கவேண்டும். அதைச் சபையறியத் தம் வாயாலேயே சொல்லவும் வேண்டும்.

"நான் செகண்ட் கிளாஸ். ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் ராஜகோபாலன். "மத்தவா யோக்யதை அவாவாளுக்கே தெரியும். ஓய் சாஹிப், நம்ம பள்ளிக்கூடத்துல ஃபர்ஸ்ட் கிளாஸ்னு மார்தட்ட நீர் ஒருத்தர்தான். நடத்திக் குடும்."

சாஹிப் வாயைத் திறந்தார். இந்தத் தடவை எந்தக் கீதமும் ஒலிக்கவில்லை. ஆனாலும் வார்த்தை வரவில்லை.

அன்றைக்குப் பார்த்து பாண்டுரங்கன் வந்து நின்றான். நொச்சிக்குப்பத்துப் பையன், ஆறாம் பாரம். அப்பன் கட்டுமரம், அம்மா தேசம்மா ரோட்டோரத்தில் மீன் விற்கிறவள். அறுநூற்றுக்கு முந்நூற்று ஐம்பத்தொன்பது வாங்கியிருந்தான்.

"சார், ஒரு மார்க்குதான் சார் கொறையுது. ஜியாமெட்ரில வெடைக்குக் கீய கோடு போடலன்னு ஒண்ணு கொறச்சிக்கீறீங்க. வெட கரீட்டா கீது சார்."

"மார்க்கு என்ன கத்திரிக்காயா, கொசுறு கேக்கறதுக்கு?" என்றார் சாஹிப். இது அவர் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவந்த வாக்கியம், தானாகவே வந்துவிட்டது. "முந்நூத்தி ஐம்பத்தொன்பதுன்னா முந்நூத்தி ஐம்பத்தொன்பது. தகுதி இருக்கறவன்தான் அந்த மேடையில ஏறணும்."

பையன் போய்விட்டான். வாக்கியம் மட்டும் போகாமல் அங்கேயே நின்றது.

விழாவுக்கு எட்டு நாள் இருந்தது. முதல் இரண்டு நாளும் சாஹிப் ஜுரம் என்று படுத்துப் பார்த்தார். ராஜகோபாலன் டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நாடி பிடித்த டாக்டர், "பிரசங்கம் பண்ணப்போறவாளுக்கு வர்ற படபடப்பு" என்று சொல்லி இஞ்சிச் சாறு எழுதிக்கொடுத்தார்.

நாலாம் நாள் துணிந்து பஸ் ஏறித் தியாகராய நகருக்குப் போனார். ராஜகோபாலன் அங்கே புது வீடு கட்டியிருந்தார். அக்கம்பக்கத்தில் பாதி மனைகள் இன்னும் காலி. ஆட்கள் குடிவருவதற்கு முன்பே கொசுக்கள் குடிவந்திருந்தன.

"சார், அந்த ஏழாம் விதி..."

"அதுதான் விழாவுக்கே உசிர்! வாரும், உக்காரும். ஜட்ஜ் தலைமை தாங்க ஒத்துண்டுட்டார். அவர் பேரனும் சேர்றானோல்லியோ. ஆத்துல நேத்திக்குப் பூரா இதே பேச்சுதான். மாலை ரோஜாவா, சம்பங்கியா? நீர் என்ன நெனைக்கறீர்?"

"நான் வந்து... எனக்கு அந்தத் தகுதி..."

"பாத்தீரா, பாத்தீரா! இந்த அடக்கம் இருக்கே, இது செகண்ட் கிளாஸ்காரனுக்கு வராது, ஓய். ரோஜாவே இருக்கட்டும்."

காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார் சாஹிப். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அன்றைக்கு அவருக்குச் சாதகமாக நடந்தது அது ஒன்றுதான்.

விழாவுக்கு முதல் நாள் வீட்டில் மனைவி அஸ்மத்துன்னிசா நிக்காஹ்வுக்குத் தைத்த ஷெர்வானியை வெயிலில் போட்டு அந்துருண்டை வாசனையைப் போக்கிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக் கைசர் ஜஹான் வரைக்கும் விழாச் செய்தி போயிருந்தது.

"இந்தாம்மா, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன்," என்றார் சாஹிப். "முதல் வகுப்புன்னு ஊரெல்லாம் நம்புற ஒரு ஆளு, நெஜத்துல மூணாம் வகுப்புன்னு வெச்சுக்கோ..."

"யாரு, அந்த டிரில் மாஸ்டரா? மொகத்தப் பாத்தாலே தெரியுதேங்க!"

"அவர் இல்ல."

"வேற யாரா இருந்தாலும் நமக்கென்னாங்க? நீங்க நாளைக்குச் சொல்றதத் தடுமாறாமச் சொல்லுங்க. எங்க அத்தா முன்வரிசையில உக்காரப்போறாரு. மாப்பிள்ள ஃபர்ஸ்ட் கிளாஸ்னு அவர் பெரியமேட்டுல சொல்லாத ஆளு கெடையாது."

சாஹிப் ஷெர்வானியின் பொத்தான்களை எண்ணினார். ஒன்பது. திரும்பவும் எண்ணினார். கணக்கில் அவருக்குப் பிழையே வராது.

விழா மாலை நாலு மணிக்கு. நல்ல வெயில். அந்த வெயிலில் பெட்ரோமாக்ஸ் தன் முழு பலத்தையும் காட்டி உஸ்ஸென்று எரிந்துகொண்டிருந்தது; டிரில் மாஸ்டர் பக்கத்தில் நின்று காற்றடித்துக்கொண்டிருந்தார். ரோஜா மாலையோடு ஓய்வுபெற்ற ஜட்ஜ் நடுநாயகமாக வீற்றிருந்தார். முன்வரிசையில் மாமனார் ஹனீஃபா சாஹிப், ஜரிகைத் தொப்பியோடு. ஐந்து பையன்கள் மேடையில் வரிசையாக நின்றார்கள். பாண்டுரங்கன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

சாஹிப் காகிதத்தைப் பிரித்தார். ராஜகோபாலனே எழுதிக்கொடுத்தது. குரல் கணீரென்றுதான் கிளம்பியது.

"ஷரஃபுதீன் ஆகிய நான், சர்வகலாசாலைப் பரீட்சையில்..."

நிறுத்தினார். அவர் கண் பாண்டுரங்கன்மேல் விழுந்தது. பையன் முகத்தில் கோபம் இல்லை. கரும்பலகையில் ஒரு கணக்கு வரிவரியாக இறங்கும்போது எந்த வரியில் தப்பு வருகிறது என்று பார்க்கிற பையன்களின் முகம் இருக்குமே, அது இருந்தது. அந்த முகத்தைப் பழக்கிவிட்டவர் சாஹிபேதான்.

காகிதத்தை மடித்தார்.

"சர்வகலாசாலைப் பரீட்சையில், மூன்றாம் வகுப்பில், மூன்றாவது தடவையில் தேறினவன். முதல் வகுப்பு என்று இருபத்திரண்டு வருஷமாக நீங்கள் சொன்னீர்கள். நான் மறுக்கவில்லை. இன்றைக்கு மறுக்கிறேன்."

பெட்ரோமாக்ஸ் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. டிரில் மாஸ்டர் காற்றடிப்பதை நிறுத்திவிட்டார். மாமனாரின் தொப்பி ஒரு பக்கம் சாய்ந்தது. கடைசியில் குரல் நடுங்கிவிட்டாலும் சாஹிபின் மார்பில் ஒரு பாறாங்கல் நகர்ந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கப்புறம் முழு மூச்சு விட்டார்.

அப்போது ஜட்ஜ் சிரித்தார். தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "பேஷ்! பேஷ்!" என்றார். கை தட்டினார். ஜட்ஜ் கை தட்டினால் சபை சும்மா இருக்குமா? மேடையே அதிர்ந்தது. மாமனார் தொப்பியை நிமிர்த்திக்கொண்டு எல்லோரையும் விடப் பலமாகத் தட்டினார்.

"மேதாவிகளுக்கு மிகவும் வேண்டிய குணம் அடக்கம்," என்று ஆரம்பித்த ஜட்ஜ் முக்கால் மணி நேரம் அதை விட்டு நகரவில்லை. "மூன்றாவது தடவையாம்! முதல் வகுப்புக்காரருக்குத்தானய்யா இப்படித் தன்னைக் கேலி செய்துகொள்ளத் தைரியம் வரும்!" சாஹிப் இரண்டு தடவை எழுந்து, "நெஜமாத்தான்..." என்றார். இரண்டு தடவையும் சிரிப்பு முன்னைவிட அதிகமாயிற்று. ஐந்து பையன்களும் சிரித்துக்கொண்டே விளக்கை நோக்கிக் கை நீட்டி அங்கத்தினர்களானார்கள்.

மறுநாள் சாஹிப் பெட்டியின் அடியிலிருந்த சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு போய் ராஜகோபாலனின் மேஜைமேல் வைத்தார். ராஜகோபாலன் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இதை யாருக்கானும் காட்டினீரா?"

"இல்லை."

"காட்டப்படாது. ஏழாம் விதிப்படி நீர் சேர்த்தது செல்லாது. அஞ்சு பேரும் அங்கத்தினரே இல்லேன்னு ஆயிடும். ஜட்ஜ் பேரன்கிட்ட நேத்திக்குக் குடுத்த பேட்ஜைத் திருப்பிக் குடுன்னு நான் போய்க் கேக்கணுமா, நீர் போய்க் கேக்கறீரா?"

"நான்தான் மேடையிலயே சொல்லிட்டேனே, சார்."

"சொன்னீர். யாரும் நம்பலை. அதனாலதான் தப்பிச்சோம். வருஷா வருஷம் நீர்தான் நடத்தணும்னு ஜட்ஜ் சொல்லிட்டுப் போயிருக்கார். அந்த மூணாவது தடவை ஹாஸ்யத்தையும் மறக்காமச் சொல்லச் சொன்னார்."

சர்ட்டிபிகேட்டைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார் சாஹிப். ஆசிரியர் அறையில் பாண்டுரங்கன் காத்துக்கொண்டிருந்தான்.

"நேத்து நீங்க சொன்னது நெசம்தானே, சார்?"

சாஹிப் அவனையே பார்த்தார். ஊரில் ஒரே ஒரு ஆள்! "உனக்கு எப்படித் தெரியும்?"

"வெளாட்டுக்குச் சொல்றவங்க கொரல் அப்பிடி நடுங்காது, சார். எங்கப்பாரு கூட, வலையில ஒண்ணும் வுயலன்னு ஊட்டாண்ட வந்து சொல்லச்சொல்லோ அப்பிடித்தான் பேசுவாரு."

சாஹிப் அலமாரியைத் திறந்து ஜியாமெட்ரி பேப்பர் கட்டை எடுத்தார். அவன் பேப்பரைத் தேடி, குறைத்த மார்க்கை அடித்துத் திருத்தி, கையெழுத்துப் போட்டார். விடை சரி என்றால் சரிதான். கோட்டில் என்ன இருக்கிறது? "முந்நூத்தி அறுபது," என்றார். "ஹெட்மாஸ்டர்கிட்ட நானே சொல்றேன். உன்னையும் சேத்துடலாம்."

பாண்டுரங்கன் பேப்பரைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. அப்புறம் எதையோ யோசித்தான்.

"சேக்கணும்னா மறுபடியும் மேடை போடணுமா, சார்?"

"போடணும்."

"நீங்கதானே நின்னு சொல்லணும்?"

"நான்தான்."

"நீங்க நெசத்தச் சொல்வீங்க. அவங்க மறுபடியும் கெக்கேபிக்கேன்னு சிரிப்பாங்க." பையன் தலையை ஆட்டினான். "வேணாம், சார். மார்க்கு இருக்கட்டும். மேடை வேணாம்."

"அட, எனக்காக நீ ஏன்டா..."

"உங்களுக்காவ இல்ல, சார்," என்று அவசரமாகச் சொன்னான் பாண்டுரங்கன். சொன்ன விதத்திலேயே அது பொய் என்று தெரிந்தது. அவனுக்கு அதில் பழக்கம் போதாது. பேப்பரைக் கட்டின் மேலே வைத்துவிட்டு வகுப்புக்கு ஓடிவிட்டான்.

சாஹிப் பேப்பரைக் கட்டுக்குள் வைக்கப் போனார். வைக்கவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் அறைப் பக்கம் நாலடி நடந்து நின்றுவிட்டார். அங்கே சாத்திய கதவுக்குப் பின்னால் ராஜகோபாலன் யாருக்கோ நேற்றைய ஹாஸ்யத்தைச் சொல்லி, அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தது கேட்டது.