நாகலாபுரத்திலிருந்து சித்தூருக்கு, ஒரு திதியைத் தேடி

எங்கள் ஊர் வேதநாராயணப் பெருமாளுக்கு இடுப்புக்குக் கீழே மீன் உடம்பு. கடலுக்கடியில் போன வேதத்தை மீட்டு வந்தவர். நான் கல்யாணமாகி நாகலாபுரத்துக்கு வந்த நாளிலிருந்து, என் மாமியார் அவர் சந்நிதியில் வேண்டுவது ஒன்றேதான். "எங்க நைனா போன நாள மட்டும் சொல்லிடு சாமி." இந்தப் பயணம் அதற்காகத்தான்.

நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. அத்தையின் அப்பா பெயர் வேதாசலம், இதே ஊர்க்காரர். பெரிய சண்டை, அதான் இரண்டாம் உலகப்போர், நடந்த காலத்தில் கப்பலில் கரி அள்ளிப் போடும் வேலைக்காக இருபத்திரண்டு வயதில் மதராசுக்குப் போனார். அத்தை அப்போது அம்மா வயிற்றில். கப்பல் முழுகியதாகப் பேச்சு வந்ததே தவிர, எந்தக் கப்பல், எந்த நாள் என்று யாரும் சொல்லவில்லை. அத்தையின் அம்மா கடைசிவரை பொட்டை அழிக்கவில்லை, திதி கொடுக்கவும் விடவில்லை. அவருக்குப் பிறகு, நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறதே என்றார் புரோகிதர். அத்தை ஒப்பவில்லை. "ஊருக்கே போடற பந்தியில எங்க நைனாவ உக்கார வெக்க மாட்டேன். அவருக்குன்னு ஒரு நாள் வேணும்" என்றுவிட்டார். இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. போன மழைக்காலத்தில் படுத்து எழுந்ததிலிருந்து அவருக்கு அவசரம்.

தெலுங்குப் பேப்பரை நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதன் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. சித்தூர்க்காரரான ஹைமாவதி என்பவர் கடலடித் தொல்லியல் படித்தவர். சண்டையில் முழுகிய கப்பல்கள் இன்னது இன்னது என்று கண்டறிவது அவர் வேலை. மதராசிலிருந்து கிளம்பிய ஒரு கப்பலை அடையாளம் கண்டிருக்கிறார், விடுமுறைக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று போட்டிருந்தது. நிருபரைப் பிடித்து மேடத்தின் நம்பர் வாங்கிப் பேசினேன். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரச் சொன்னார்.

கிளம்புமுன் அத்தைக்குத் தன் அப்பாவைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். அரைப்பக்கம்கூட வரவில்லை.

காலை ஐந்து நாற்பதுக்குத் திருப்பதி பஸ். சுமார் எழுபது கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். பெண்களுக்கு இப்போது டிக்கெட் காசு கிடையாது, ஆதார் காட்டினால் போதும். கண்டக்டர் என் ஆதாரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "இது உங்க பொண்ணாம்மா?" என்றார். "ஆமா நைனா. அவ வரல, டிக்கெட்ட எனக்குக் குடு" என்றேன்.

புத்தூரில், கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய ஒருவர் மனைவியோடு ஏறினார். எலும்பு முறிந்தால் எங்கெங்கிருந்தோ வந்து கட்டுப்போட்டுக்கொள்கிற ஊர் அது. "கட்டுப் பிரிக்கிற வரிக்கும் மாமரத்தப் பாத்தா கும்பிட்டுக்கினு தள்ளிப் போயிடு" என்று அந்த அம்மா சொன்னதில் பஸ்ஸே சிரித்தது. அவர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருப்பதி பஸ் நிலையத்தில் இட்லி, காபி ஐம்பத்தைந்து ரூபாய். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு எட்டரைக்குச் சித்தூர் பஸ் ஏறினேன். எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காணிப்பாக்கம் கூட்டுரோடு வந்ததும் பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தேன். சித்தூரில் ஆட்டோ அறுபது ரூபாய்.

ஹைமாவதி மேடத்துக்கு ஐம்பது வயதிருக்கும். தோளைத் தொடாத முடி. அவருடைய அம்மா எனக்குக் காபி கொடுத்த கையோடு குறையும் சொன்னார். "இருபது வருஷமா தண்ணிக்குள்ள வேல. தலைக்கு எண்ணெய்னு ஒண்ணு இருக்கறதே இவளுக்குத் தெரியாது."

மேடம் வெதுருகுப்பத்தில் மாமா நிலத்துக் கிணற்றில் நீச்சல் கற்றவராம். கடலைப் பார்த்ததே பதினேழு வயதில்தான். திருப்பதியில் சரித்திரம் படித்து, பிறகுதான் கடலுக்குள் இறங்கப் பழகியிருக்கிறார். "கடல்ல பத்து நாள், காகிதத்துல பத்து மாசம். அதான்மா என் உத்யோகம்" என்றார்.

முழுகின கப்பலை எப்படி அடையாளம் பிடிப்பீர்கள் என்று கேட்டேன்.

"பேர நம்பி எறங்கக் கூடாதும்மா. பேருதான் மொதல்ல உப்புல கரைஞ்சு போகும். நான் பழைய அடியத் தேடுவேன். எந்தத் துறைமுகத்துலயோ இடிச்சு, தகடு வெச்சு ஒட்டுப் போட்டிருப்பாங்க. கப்பல் கட்டின வரைபடத்துல அது இருக்காது, ரிப்பேர் ரெக்கார்டுல இருக்கும். கீழ பார்த்ததும் அதுவும் பொருந்தினா, அதே கப்பல்."

"நம்ம புத்தூர்க் கட்டு மாதிரி" என்றேன். "அவுனு, அதேதான்!" என்று சிரித்தார்.

கீழே இருந்து என்ன எடுத்து வருவீர்கள் என்றேன். சிரிப்பு நின்றது. "ஒண்ணும் எடுக்க மாட்டேன். உள்ள ஆளுங்க இருக்காங்க. அளவும் போட்டோவும் மட்டும்தான்."

பிறகு அந்தக் கப்பலில் போனவர்களின் பட்டியலைக் கொடுத்தார். இங்கிலீஷ் நானாகக் கற்றது. விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன். வேதாசலம் இல்லை. வாசலில் உட்கார்ந்திருக்கும் அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது.

"மன்னிச்சுக்கோங்கம்மா. இதுல எல்லாருக்கும் வீட்டைத் தேடித் தகவல் சொல்லிட்டேன். ஒரே ஒருத்தருக்குத்தான் வீடு கிடைக்கல" என்று ஒரு வரியைக் காட்டினார். "நைனா, வயசு இருபத்திரெண்டு. ஊர் 'நாக'ன்னு ஆரம்பிக்குது, மீதி கறைபட்டுப் போச்சு. நைனா முகமதுன்னு பேர் வெப்பாங்க இல்ல, அதனால நாகூர்னு நெனச்சேன். ரெண்டு தடவை போய்த் தெருத்தெருவாக் கேட்டேன்."

பையிலிருந்து நோட்டை எடுத்தேன். "அந்த ஆளுக்கு அடையாளம் ஏதாச்சும் எழுதியிருக்கா மேடம்?"

"இடது முன்கை கோணல்னு இருக்கு."

நோட்டைப் பிரித்து, அத்தை சொல்லி நான் எழுதியதைச் சத்தமாகப் படித்தேன். "புளியமரத்துல இருந்து விழுந்தாரு. புத்தூர்ல கட்டுப் போட்டாங்க. பொறுக்காம பதினஞ்சு நாள்ல பிரிச்சுட்டாரு. எடது கை கோணலா கூடிப்போச்சு."

எங்கள் பக்கத்தில் அப்பா மட்டும் நைனா இல்லை. வயசுப் பையனையும் "வா நைனா, நில்லு நைனா" என்போம், நான் கண்டக்டரிடம் சொன்ன மாதிரி. ஆள் சேர்த்துக் கூட்டிப்போன மேஸ்திரி அப்படிக் கூப்பிட்டிருப்பார். பட்டியல் எழுதியவர் அதையே பெயரென்று எழுதியிருப்பார்.

மேடம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யோ ராமா! எங்க அப்பாவையே நான் நைனான்னுதானே கூப்பிட்டேன்! இங்கிலீஷ் எழுத்துல பாத்ததும் புத்தி நாகூருக்கு ஓடிப்போச்சே!"

"படிச்ச புத்தி" என்றார் அவருடைய அம்மா, உள்ளே இருந்து.

ஊர்ப் பெயரின் முதல் எழுத்துகள், வயது, கை. "ஒரு கப்பல் இவ்வளவு பொருந்தினா நான் கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லி, கப்பல் முழுகிய தேதியையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தார். பழைய பஞ்சாங்கத்தைத் தேடித் திதி பார்த்தோம். கார்த்திகை, தேய்பிறை தசமி.

நாலு மணிக்குத் திருப்பதி பஸ் நிலையத்திலிருந்து அத்தைக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப கப்பல்ல இருந்தவங்க அத்தினி பேரும் எங்க நைனாவ நைனான்னே கூப்ட்டுக்கினு இருந்தாங்களா?"

"ஆமா அத்தை."

"நான் ஒருத்திதான் கூப்டல."

இப்படித் தேடிப் போகிறவர்களுக்கு: ஆதார் மறக்காதீர்கள். ஆறு மணிக்குள் கிளம்பினால் ஒரே நாளில் சித்தூர் போய்த் திரும்பலாம். சாப்பாடு, ஆட்டோ சேர்த்து எனக்கு ஆனது முந்நூற்றுப் பத்து ரூபாய். பெயரை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள், எங்கே விழுந்தார், எந்தக் கை கோணல், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

தசமியன்று கோயில் குளக்கரையில் என் கணவர் தாத்தாவுக்குத் திதி கொடுத்தார். புரோகிதர் பெயர் கேட்டார். "வேதாசலம்" என்றார் இவர். பின்னால் நாற்காலியில் இருந்த அத்தை, "அந்தப் பேரச் சொன்னா அவரு திரும்பிப் பாப்பாராடா?" என்றார். பிறகு பிண்டச் சோற்றுக்கு அப்பால், தண்ணீரைப் பார்த்து, வாசலில் நிற்கிறவரைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டார்.

"வா நைனா. துன்னுட்டுப் போ."